நாலு மைக்ரான் சதையும் இரண்டு சாயமும்

“மைக்ரோஸ்கோப்புல வெச்சுப் பார்த்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடாதா சார்? எதுக்கு அஞ்சு நாள் கழிச்சு வரச் சொல்றாங்க?”

டீக்கடையில் பக்கத்து வீட்டுத் தம்பி என்னிடம் கேட்டார். அவருடைய அக்காவுக்கு மார்பில் ஒரு கட்டி. தடித்த ஊசியை விட்டு நூல் நூலாக நாலைந்து துண்டு சதை எடுத்து, மருந்துத் தண்ணீர் உள்ள பாட்டிலில் போட்டு லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஐந்து நாளும் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் பிடிக்காது. “அப்படித்தான் தம்பி, டைம் ஆகும்” என்று ஒரு வரியில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. திசு ஆய்வுக்கூடத்திலேயே வேலை பார்த்துப் பழகியவன் நான். பாட்டிலுக்குள் போன சதைக்கு அதன் பிறகு என்னென்ன நடக்கிறது என்பதை இன்னொரு டீ சொல்லிவிட்டு அவருக்கு விளக்கினேன். பயாப்சி என்ற சொல் காதில் விழாத வீடு இன்று குறைவு என்பதால், அதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

உடம்பிலிருந்து எடுத்த சதையை அப்படியே மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் கீழிருந்து சதையை ஊடுருவி மேலே வரவேண்டும். கனமான துண்டுக்குள் அது நுழையாது. சரி, மெல்லியதாக வெட்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் தெரியாது. ஏனென்றால் பெரும்பாலான செல்களுக்கு நிறம் என்று ஒன்று கிடையாது. நடுவில் இருக்கும் உட்கரு, அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசம், செல்களுக்கு இடையே ஓடும் நார்கள் எல்லாமே தெளிவாக, நிறமற்று, ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும். எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஆகவே மெல்லியதாக வெட்டியும் ஆகவேண்டும், சாயமும் ஏற்றியாகவேண்டும். ஐந்து நாளில் பெரும்பகுதி போவது இந்த இரண்டு வேலைக்கும் அதற்கான முன்னேற்பாட்டுக்கும்தான். டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் கண் வைப்பது கடைசிக் கட்டம்.

முதல் வேலை, சதை கெடாமல் பார்த்துக்கொள்வது. ரத்த ஓட்டம் நின்ற நிமிஷத்திலிருந்து செல்லுக்குள் இருக்கும் நொதிகள் அந்தச் செல்லையே கரைக்க ஆரம்பித்துவிடும். கூடவே பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். இதைத் தடுக்கத்தான் அந்த பாட்டிலில் இருக்கும் மருந்துத் தண்ணீர். அதன் பெயர் ஃபார்மலின். மூக்கைத் துளைக்கும், கண்ணில் நீர் வரவைக்கும். 1893-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற மருத்துவர் இதைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தார். அப்போது தன் விரல்களின் தோல் கெட்டிப்பட்டுப் போவதைக் கவனித்தார். விரலைக் கெட்டியாக்குவது ஆய்வுக்கு எடுத்த திசுவையும் கெட்டியாக்குமே என்று யோசித்துச் செய்து பார்த்தார். அன்றிலிருந்து இன்றுவரை உலகெங்கும் பயாப்சி சதை போய்ச் சேரும் முதல் இடம் ஃபார்மலின்தான்.

ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடு, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் புரத மூலக்கூறுகளுக்கு இடையே சின்னச் சின்னப் பாலங்களைக் கட்டிவிடுகிறது. நொதிகளும் புரதங்களே என்பதால் அவையும் கட்டுண்டு வேலையை நிறுத்திவிடும். செல் எந்த நிலையில் இருந்ததோ கிட்டத்தட்ட அந்த நிலையிலேயே நின்றுபோகும். ஆனால் இது அவசரப்பட்டால் நடக்கிற காரியம் அல்ல. ஃபார்மலின் சதைக்குள் மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் நுழையும். உள்ளே போகப் போக அந்த வேகமும் குறையும். நுழைந்த பிறகு பாலம் கட்ட இன்னும் பல மணி நேரம் வேண்டும். மார்பகத் திசுவுக்கு, குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் என்று சர்வதேச வழிகாட்டுதலே இருக்கிறது. ஊசியால் எடுத்த மெல்லிய துண்டுதானே, சட்டென்று ஊறிவிடும் என்று 6 மணி நேரத்துக்கும் குறைத்தால் பிறகு செய்யும் சோதனைகள் தவறாகப் போகும்.

இங்கேதான் நம் ஊரில் பல சமயம் கோட்டை விடுகிறோம். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து உறவினர் கையில் பாட்டிலைக் கொடுத்து, பஸ் ஏறி வேறு ஊர் லேபுக்குக் கொண்டுபோகச் சொல்வது இன்றும் நடக்கிறது. அதில் தப்பில்லை, பாட்டிலுக்குள் இருப்பது சரியாக இருந்தால். ஒருமுறை ஒரு பெரிய கர்ப்பப்பை வெறும் சலைனில் மிதந்தபடி எங்கள் மேஜைக்கு வந்தது. எடுத்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. உள்பக்கச் சவ்வு முழுக்க அழுகிக் கரைந்திருந்தது. டாக்டருக்குத் தெரியவேண்டிய பகுதியே அதுதான். அந்தப் பெண்மணிக்கு என்ன நோய் என்று அந்தச் சதை இனி ஒருபோதும் சொல்லாது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை. சதையின் கன அளவைப் போல் பத்து மடங்காவது ஃபார்மலின் இருக்க வேண்டும். பெரிய உறுப்பென்றால் லேபில் உடனே கத்தியால் பிளந்து வைக்க வேண்டும். செலவில்லாத, எளிய விதிகள்.

ஊறிய சதையை மறுநாள் டாக்டர் வெளியே எடுத்து, நீள அகலம் அளந்து, நிறமும் கெட்டித்தன்மையும் குறித்துக்கொண்டு, தேவையான பகுதிகளை வெட்டி எடுப்பார். இதைக் கிராஸிங் என்போம். வெட்டிய துண்டுகள் கேசட் எனப்படும் ஓட்டையுள்ள சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்குள் போகும். கேசட்டின் மேல் நோயாளியின் எண்ணைப் பென்சிலால்தான் எழுதுவோம், பேனா மை அடுத்து வரும் ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும். எண் அழிந்தால் ஒருவரின் புற்றுநோய் இன்னொருவரின் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். இப்போது எண்ணை அச்சடிக்கும் மெஷின் வைத்திருக்கும் லேபுகளும் உண்டு. பென்சிலோ மெஷினோ, அந்த எண்ணை இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் அடுத்த கட்டம்.

இனி வெட்ட வேண்டும். நன்றாகப் பழுத்த பப்பாளியைத் தாள் கனத்துக்கு அரிந்து பாருங்கள், கத்திக்கு அடியில் நசுங்கிவிடும். ஃபார்மலினில் ஊறினாலும் சதை அப்படித்தான், அது தன் வடிவத்தைத் தாங்கிப் பிடிக்காது. அதற்கு உள்ளும் புறமும் கெட்டியான ஏதாவது ஒன்றை நிரப்பியாக வேண்டும். அதற்கு மெழுகு. 1869-இல் எட்வின் கிளெப்ஸ் என்பவர் பாரஃபின் மெழுகை இதற்குப் பயன்படுத்திக் காட்டினார். சிக்கல் என்னவென்றால், சதையில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரும் மெழுகும் சேராது. அதனால் 70 சதவீத ஆல்கஹாலில் தொடங்கிப் படிப்படியாகச் சுத்த ஆல்கஹால்வரை மாற்றி மாற்றி முக்கித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் சுத்த ஆல்கஹாலில் போட்டால் செல் சுருங்கி உருக்குலையும். ஆல்கஹாலும் மெழுகோடு சேராது. ஆகவே இரண்டோடும் சேரும் சைலீனில் ஊறவைத்து ஆல்கஹாலை விரட்டி, கடைசியில் 60 டிகிரி அளவில் உருகிய மெழுகில் விடுவோம். ஒவ்வொரு படிக்கும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு. டிஷ்யூ புராசசர் என்ற மெஷின் இரவு முழுக்க நின்று இதைச் செய்யும். ஒரு ராத்திரி இப்படிப் போய்விடுகிறது.

காலையில் மெழுகேறிய துண்டை அச்சில் வைத்து, மேலே உருகிய மெழுகை ஊற்றி ஆறவைத்தால் பிளாக் தயார். தீப்பெட்டியைவிடச் சின்னது. அதை ஐஸ் மேல் கவிழ்த்து வைத்து இறுகவிட்டு மைக்ரோடோமில் பொருத்துவோம்.

மைக்ரோடோம் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தால் பார்த்துவிடுங்கள். ஒரு கைப்பிடிச் சக்கரம், எதிரே அசையாமல் நிற்கும் ஒரு பிளேடு. சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினால் பிளாக் மேலிருந்து கீழே இறங்கிப் பிளேடில் உரசி, மறுபடி மேலேறும். ஏறும்போது நாலு மைக்ரான் முன்னால் நகர்ந்திருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். சீரான வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால், வெட்டிய சீவல்கள் ஒன்றன் ஓரம் இன்னொன்றின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, பிளேடு மேல் வெள்ளை ரிப்பனாக நீளும். அதன் முனையை நனைத்த பிரஷ்ஷால் மெல்ல எடுத்து, பக்கத்தில் உள்ள வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட வேண்டும். தண்ணீர் 45 டிகிரி அளவில் இருந்தால் மெழுகு உருகாது, ஆனால் சுருக்கம் பிரிந்து விரியும். சூடு கொஞ்சம் கூடிவிட்டால் சீவல் சிதறிவிடும். பெருமூச்சு விட்டால் ரிப்பன் பறக்கும் என்பதால் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இந்த வேலையைச் செய்வோம். விரிந்த சீவலுக்கு அடியில் கண்ணாடி ஸ்லைடைச் சாய்த்து விட்டு, அப்படியே மேலே தூக்கினால் சதை கண்ணாடியில் படிந்து வரும். வெறும் கண்ணுக்கு ஒரு மங்கலான தேமல் அளவுக்கே தெரியும்.

ஒரு செல் 10 முதல் 20 மைக்ரான் அகலம் இருக்கும். நாம் வெட்டியதோ நாலு மைக்ரான். அப்படியென்றால் ஸ்லைடில் ஒரு முழுச் செல்கூட இல்லை. செல்லின் ஒரு சீவல்தான் இருக்கிறது. ஸ்லைடில் சில செல்களில் உட்கருவே காணாமல் இருக்கும். உட்கரு இல்லாத செல் என்று நினைத்துவிடக் கூடாது, வெட்டு அதன் மேலாகவோ கீழாகவோ போயிருக்கிறது, அவ்வளவே. சந்தேகம் வந்தால் டாக்டர் அதே பிளாக்கை இன்னும் ஆழமாக வெட்டித் தரச் சொல்வார். ரிப்போர்ட் ஒரு நாள் தள்ளிப்போவதற்கு இது ஒரு காரணம். தள்ளிப்போனால் கெட்ட செய்தி என்று வீட்டில் பயந்துகொள்வார்கள். பாதி நேரம் காரணம் இவ்வளவு சாதாரணமானது.

தம்பி இந்த இடத்தில் ஒன்று கேட்டார். “அப்போ சாயம் போடறது சும்மா கலர் அடிக்கிற மாதிரிதானே சார்?”

அங்கேதான் இந்தத் துறையின் உயிரே இருக்கிறது. கலர் அடித்தால் எல்லாவற்றிலும் ஒரே கலர் அல்லவா படியும்? திசுச் சாயம் அப்படிச் செய்வதில்லை. அது தேடிப்போய்ச் சிலவற்றில் மட்டும் ஒட்டும், மற்றதை விட்டுவிடும். ஒவ்வொரு சாயமும் திசுவிடம் நாம் கேட்கும் ஒரு கேள்வி. பதிலாக வரும் நிறத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்.

நுண்ணோக்கியின் ஆரம்ப காலத்திலேயே, 1714 வாக்கில், ஹாலந்தின் லீவன்ஹூக் தசை நார்களைப் பார்க்கக் குங்குமப்பூவைப் பயன்படுத்தினார். ஆனால் முறையாகத் திசுவுக்குச் சாயம் ஏற்றும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. 1858-இல் யோசஃப் ஃபான் கெர்லாக், பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் என்ற சிவப்புச் சாயத்தை மூளைத் திசுவில் முயன்றுகொண்டிருந்தார். கெட்டியான கரைசலில் எல்லாமே சிவந்துபோனது. மிகவும் நீர்த்த கரைசலில் ஒரு துண்டு இரவு முழுக்கத் தங்கிவிட்டது. காலையில் பார்த்தால் உட்கருக்கள் தனியாகச் சிவந்து எடுப்பாக நின்றன. அதிகச் சாயம் எல்லாவற்றையும் மறைத்தது, குறைந்த சாயமும் நிறைந்த நேரமும் சேர்ந்து வேறுபாட்டைக் காட்டின.

இன்று எந்த லேபிலும் முதல் ஸ்லைடுக்குப் போடுவது ஹெமடாக்ஸிலின், இயோசின் என்ற இரண்டு சாயம். சுருக்கமாக ஹெச் அண்ட் ஈ என்போம். ஹெமடாக்ஸிலின் ஒரு மரத்திலிருந்து வருகிறது. மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் கம்பேச்சே என்ற கடலோரப் பகுதியில் வளரும் முள் மரம். அதன் வைரம் ரத்தச் சிவப்பு. ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் இதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்த் துணிக்குச் சாயமாக விற்றார்கள். இங்கிலாந்தில் சாயம் வெளுக்கிறது என்று 1581-இல் நாடாளுமன்றம் இதற்குத் தடையே போட்டது. சாயத்தைப் பிடிக்கவைக்கும் வித்தை கைவந்த பிறகு 1662-இல் தடை நீங்கியது. இந்த மரத்தை வெட்ட வந்த ஆங்கிலேயர்கள் கரையோரம் குடியேறிய இடம்தான் பின்னால் பெலீஸ் என்ற நாடானது. துணிச் சாய வியாபாரம் எப்போதோ படுத்துவிட்டது. ஆனால் இன்றும் ஹெமடாக்ஸிலினை அந்த மரத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். 1970-களிலும் 2008-லும் தட்டுப்பாடு வந்தபோது உலகம் முழுக்க லேபுகள் கையைப் பிசைந்தன. மரபணுவையே படித்துவிடும் காலத்திலும் புற்றுநோயின் முதல் முடிவு ஒரு காட்டு மரத்தை நம்பி நிற்கிறது என்பது எனக்கு ஆச்சரியம் தீராத விஷயம்.

மரத்திலிருந்து எடுத்ததை அப்படியே போட்டால் திசுவில் ஒட்டாது. 1863-இல் வால்டயர் அப்படித்தான் முயன்றார், சரிப்படவில்லை. 1865-இல் போமர் என்பவர் படிகாரம் சேர்த்தார், ஒட்டிக்கொண்டது. சவரக் கடையில் வெட்டுக்காயத்துக்குத் தேய்க்கிற அதே படிகாரம்தான். அதில் உள்ள அலுமினியம் ஒரு பக்கம் சாயத்தையும் மறுபக்கம் திசுவையும் பிடித்துக்கொள்கிறது. சோழமண்டலக் கரையில் சாயவேர் போட்டுத் துணிக்குச் சிவப்பேற்றியவர்களும் முதலில் துணியைப் படிகாரத்தில்தான் தோய்த்தார்கள், வேதியியல் ஒன்றுதான்.

படிகாரம் சேர்ந்த சாயத்துக்கு நேர் மின்னூட்டம் கிடைக்கிறது. உட்கருவுக்குள் இருக்கும் டிஎன்ஏவில் பாஸ்பேட்டுகள் உள்ளன, அவற்றால் அதற்கு எதிர் மின்னூட்டம். எதிரெதிர் ஈர்க்கும் என்று பள்ளியில் படித்ததுதான். சாயம் நேராகப் போய் உட்கருவில் குடியேறும். இயோசின் இதற்கு நேர்மாறு. 1870-களில் ஜெர்மன் சாயத் தொழிற்சாலை வேதியியலாளர் ஹைன்ரிக் காரோ உருவாக்கிய செயற்கைச் சாயம் அது. எதிர் மின்னூட்டம் கொண்டதால் சைட்டோபிளாசத்திலும் நார்களிலும் உள்ள புரதங்களில் போய் ஒட்டும். ஆக உட்கரு நீலம், மற்றது ரோஜா. ரத்தச் சிவப்பணு பளீரென்ற சிவப்பு, கொலாஜன் நார் வெளிறிய ரோஜா.

சாயம் போடுவதில் நான் மிகவும் விரும்பும் கட்டம் ஒன்று உண்டு. ஹெமடாக்ஸிலினில் இருந்து வெளியே எடுக்கும்போது சதை நீலமாக இருக்காது, செங்கருஊதாவாக இருக்கும். கொஞ்சம் அமிலம் கலந்த ஆல்கஹாலில் ஒரு முக்கு முக்கினால் வேண்டாத இடத்தில் ஒட்டிய சாயம் கழன்றுவிடும். இரண்டு முக்கு முக்கினால் வேண்டிய சாயமும் போய்விடும், கை நிதானம் வேண்டும். பிறகு ஸ்லைடுகளைக் குழாய்த் தண்ணீரில் விடுவோம். நம் ஊர் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர், காரத்தன்மை உள்ளது. ஐந்து நிமிஷத்தில் அந்தச் செங்கருஊதா கண் முன்னே நீலமாக மாறும். குழாய்த் தண்ணீர் மென்மையாக உள்ள ஊர்களில் இதற்கென்றே அம்மோனியா சொட்டு விட வேண்டியிருக்கும். குடிக்க ஆகாத தண்ணீர் எங்கள் லேபில் ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது.

இந்த நீலமும் ரோஜாவும் நோயை எப்படிச் சொல்கின்றன? டாக்டர் முதலில் 4 மடங்கு லென்ஸில் ஸ்லைடு முழுக்க ஓட்டிப் பார்ப்பார். அமைப்பு ஒழுங்காக இருக்கிறதா, குழாய்கள் குழாயாக இருக்கின்றனவா என்று. பிறகு 10, 40. புற்றுநோய்ச் செல்லில் உட்கரு பெரிதாகும், டிஎன்ஏ கூடுவதால் நீலம் கருநீலமாகும், ஒன்றுக்கொன்று அளவும் உருவமும் பொருந்தாது, பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் அதிகமாகத் தெரியும். உட்கருவைத் தனியாகக் காட்டும் சாயம் இல்லாவிட்டால் இதில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

ஸ்லைடில் இல்லாமல் போவதையும் படிக்க வேண்டும். கொழுப்புச் செல்கள் ஸ்லைடில் வெறும் வெள்ளை வட்டங்களாக இருக்கும். உள்ளே இருந்த கொழுப்பை ஆல்கஹாலும் சைலீனும் கரைத்துவிட்டன. மார்பகத் திசுவில் பாதி இந்த வெள்ளை வட்டங்கள்தான். கொழுப்பையே பார்க்க வேண்டுமென்றால் மெழுகு வழியை விட்டுவிட்டுச் சதையை உறைய வைத்து வெட்டி, ஆயில் ரெட் ஓ என்ற சாயம் போட வேண்டும். எந்த வழியில் போனாலும் ஏதோ ஒன்று கையை விட்டுப் போகும். எது போனது என்று தெரிந்து பார்ப்பவர்தான் சரியாகப் பார்க்கிறார்.

ஹெச் அண்ட் ஈ பதில் சொல்லாத கேள்விகளுக்கு வேறு சாயங்கள். காசநோய்க் கிருமி அதில் தெரியவே தெரியாது. அதன் மேலுறை மெழுகுத்தன்மை உள்ளது, சாதாரணச் சாயம் உள்ளே நுழையாது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் அந்தக் கிருமியை அறிவித்தார். அன்று அவையில் இருந்த இளைஞர் பால் எர்லிக் நேராகத் தன் ஆய்வகத்துக்குப் போய் இன்னும் நல்ல சாயம் தேடினார். ஸ்லைடுகளை அணைந்திருந்த அடுப்பின் மேல் காயவைத்துவிட்டுப் போனதாகவும், வேலைக்கார அம்மா தெரியாமல் அடுப்பை மூட்டியதாகவும், காலையில் கிருமிகள் பளிச்சென்று சிவந்து நின்றதாகவும் சொல்வார்கள். சூடு அந்த மெழுகுறையை நெகிழ்த்திச் சாயத்தை உள்ளே விடுகிறது. நுழைந்த சாயம் பிறகு அமிலத்தில் கழுவினாலும் வெளியேறாது. சீல், நீல்சன் என்ற இருவர் இதைத் திருத்தியமைத்த முறை இன்றும் அவர்கள் பெயரில் இருக்கிறது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சளிப் பரிசோதனை என்று செய்துவந்தது இதைத்தான். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள். அந்தக் குச்சியின் கனம் அரை மைக்ரானுக்கும் கீழே. சாதாரண ஒளியில் 0.2 மைக்ரானுக்கும் நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட எந்த லென்ஸாலும் முடியாது என்று 1873-இல் எர்ன்ஸ்ட் ஆபே கணக்கிட்டிருந்தார். ஆக அந்தக் கிருமி நுண்ணோக்கியின் எல்லைக்குப் பக்கத்திலேயே வாழ்கிறது. அதனால்தான் 100 மடங்கு லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்க்கிறோம். எர்லிக் சில வருஷம் கழித்துத் தன் சொந்தச் சளியிலேயே அந்தச் சிவப்புக் குச்சிகளைக் கண்டார். எகிப்துக்குப் போய் ஓய்வெடுத்துக் குணமானார்.

அதே 1873-இல் இத்தாலியின் கமில்லோ கோல்ஜி, மருத்துவமனைச் சமையலறை ஒன்றை ஆய்வகமாக்கி, வெள்ளி உப்பால் நரம்புச் செல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றினார். அந்த முறையின் விசேஷமே அது நூற்றில் சில செல்களில் மட்டும் ஏறுவதுதான். ஏறிய செல்லில் நுனிக் கிளைவரை ஏறும். எல்லாச் செல்லிலும் ஏறியிருந்தால் மூளைத் துண்டு வெறும் கறுப்புக் கட்டியாகத் தெரிந்திருக்கும். ஏன் சிலவற்றில் மட்டும் ஏறுகிறது என்பது இன்றுவரை முழுதாக விளங்கவில்லை. ஸ்பெயினின் ரமோன் இ கஹால் 1887-இல் அந்த ஸ்லைடுகளைப் பார்த்து, முறையைத் திருத்தி, இளம் பறவைகளின் மூளையில் போட்டுப் பார்த்தார். நரம்புச் செல்கள் தனித்தனி என்றார். கோல்ஜியோ அவை ஒரே வலைப்பின்னல் என்றார். 1906-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த மேடையிலும் கோல்ஜி தன் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. சாயம் ஒன்றே, பார்த்தவர்கள் இரண்டு பேர். கஹால் சொன்னதுதான் நின்றது. ஸ்லைடு தயாரான பிறகும் இரண்டாவது டாக்டரிடம் காட்டிக் கருத்துக் கேட்பதை நேர விரயம் என்று யாரும் நினைக்காதீர்கள்.

“ஆபரேஷன் நடக்கும்போதே இருபது நிமிஷத்துல ரிசல்ட் சொன்னாங்கன்னு ஒருத்தர் சொன்னாரே சார்?” என்றார் தம்பி.

சொல்வார்கள். அதற்கு ஃப்ரோசன் என்று பெயர். 1905-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், அறுவைச் சிகிச்சை நிபுணர் வில்லியம் மேயோ, நோயாளி மேஜையில் இருக்கும்போதே கட்டி எப்படிப்பட்டது என்று சொல்ல வழி உண்டா என்று திசு ஆய்வு மருத்துவர் லூயிஸ் வில்சனைக் கேட்டார். வில்சன் சதையை உறைய வைத்து வெட்டி மெத்திலீன் நீலம் போட்டுச் சொன்னார். இன்று மைனஸ் 20 டிகிரி அளவில் இருக்கும் கிரையோஸ்டாட் என்ற பெட்டிக்குள் வைத்தே வெட்டிவிடுகிறோம். ஆனால் சதைக்குள் உள்ள தண்ணீர் ஐஸ் ஊசிகளாகிச் செல்லைக் கிழிக்கும், நுணுக்கம் மங்கும். வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சம் இருக்கிறதா, இன்னும் வெட்ட வேண்டுமா என்ற அந்த நேரத்துக் கேள்விக்கு அது போதும். வருஷக்கணக்கில் எடுக்கப்போகும் சிகிச்சையை அதை நம்பித் தொடங்க மாட்டார்கள். ஃப்ரோசன் செய்த சதையும் மறுபடி மெழுகு வழியே போய்த்தான் இறுதி ரிப்போர்ட் வரும்.

தம்பியின் அக்காவுக்கு, ஒருவேளை அது புற்றுநோய் என்று வந்தால், ஐந்து நாளோடு முடியாது. அதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். அடுத்து ஐஹெச்சி என்ற சோதனைக்கு அனுப்புவார்கள். இதில் சாயத்தை ஒட்டவைப்பது மின்னூட்டம் அல்ல, ஆன்டிபாடி. 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸ் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தைக் கட்டித் திசுவில் தேடவிட்ட முறையிலிருந்து வளர்ந்தது. ஒரே ஒரு புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும். ஒட்டிய இடம் பழுப்பாகும். உட்கருக்கள் பழுப்பானால் கட்டிக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறது, மாத்திரையால் கட்டுப்படுத்தும் வழி திறக்கும். செல்லின் ஓரம் முழுக்க அழுத்தமான பழுப்பு வளையம் வந்தால் ஹெர்-2 இருக்கிறது, அதற்கென்று தனி ஊசி மருந்து உண்டு. வளையம் அழுத்தமில்லாமல் வந்தால் ஃபிஷ் என்ற மரபணுச் சோதனை, இன்னும் சில நாள். செல்கள் குழாயின் சுவரைத் தாண்டினவா, உள்ளேயே நிற்கின்றனவா என்று சந்தேகம் இருந்தால், சுவரை ஒட்டியிருக்கும் செல்களுக்கென்று தனிச் சாயம். தொடக்கத்தில் ஃபார்மலினில் எத்தனை மணி நேரம் இருந்தது என்ற கேள்வி இங்கே வந்து நிற்கும். சரியாக ஊறாத சதையில் இருக்கும் ஏற்பியும் இல்லை என்று தெரியலாம். இல்லை என்று தெரிந்தால் அந்த மாத்திரை அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காது. முதல் நாள் அவசரப்பட்டு மிச்சம்பிடித்த மணி நேரம் அவருக்கு வருஷக்கணக்கில் செலவாகும்.

கடைசியாக அவர் கையில் எழுதிக்கொள்ளச் சொன்னவை இவை. சதை எந்த நேரத்தில் ஃபார்மலினில் போடப்பட்டது என்று லேபுக்குப் போகும் படிவத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நர்ஸம்மாவிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பழைய ஆபரேஷன், ஸ்கேன், மாத்திரை விவரம் எல்லாம் படிவத்தில் இருக்கட்டும். டாக்டர் எந்தச் சாயம் போடுவது என்று முடிவெடுக்க அது வேண்டும். ரிப்போர்ட் வந்த பிறகு வேறு மருத்துவமனையில் காட்ட நினைத்தால் வெறும் தாளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். மெழுகு பிளாக் பல வருஷம் கெடாது, அதிலிருந்து புதிதாக வெட்டிப் புதுச் சாயம் போடலாம். கையெழுத்துப் போட்டு வாங்கி, வெயில் படாமல் எடுத்துப் போங்கள், பார்த்து முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.